ஊசி போட்ட கோழியும் சாகுதே, ஏன்?



எங்க ஊரில் ஒரு அம்மா இருக்கிறார். நாட்டுக்கோழி முட்டை 40, 50 சேர்ந்ததும் கூடையில் தவிடு போட்டு அடுக்கிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறுவார். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஃபேர்லேண்ட்ஸ் வீடுகளுக்கு நடந்தே போவார். வாங்குகிறவர்கள் டாக்டர் வீடு, வக்கீல் வீடு. விலையில் பேரம் பேச மாட்டார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "ஏம்மா, மருந்து கிருந்து படாத முட்டைதானே?" "எல்லாம் காட்டுல மேயற கோழிங்க சாமி" என்று சொல்லிவிட்டு வருவார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வரைக்கும் அதுதான் உண்மை.

அந்த அம்மாவிடம் இப்போது கோழி இல்லை. நடந்தது இதுதான். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத்துக்குக் காலையில் மருந்து அடித்தார்கள். கடைக்காரர் கொடுத்த ரெண்டு பாட்டிலை ஒரே டேங்கில் கலந்து குருத்தில் ஊற்றியிருக்கிறார்கள். விழுந்து துடித்த புழுவைப் பார்த்தால் கோழி சும்மா இருக்குமா? பொழுது சாய்வதற்குள் நாலு பெட்டை வாயில் நுரையும் எச்சிலுமாகக் காலை இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டன. மிச்சம் இருந்தது பத்துக் கோழியும் குஞ்சுகளும். அதெல்லாம் தப்பிச்சுது என்றுதான் நினைத்தார். மூணு வாரம் கழித்து வெள்ளைக் கழிச்சல் வந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இத்தனைக்கும் பிப்ரவரி முகாமில் பெரிய கோழிக்கெல்லாம் இறக்கையில் ஊசி போட்டிருந்தார். "ஊசி போட்டேனுங்களே, அப்புறம் ஏனுங்க செத்துது?" என்று அந்த அம்மா கேட்டதற்கு ஊரில் எல்லோரும் சொன்ன பதில், "கவர்மெண்டு ஊசி, அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பதில் சரியா என்று பார்க்கத்தான் இந்த நோட்டீஸ்.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊசி பலிக்காமல் போவதற்குப் பல காரணம் உண்டு. ஐஸ் பெட்டியில் இல்லாமல் வெயிலில் வைத்த மருந்து பலிக்காது. வயிற்றில் பூச்சி நிறைந்த கோழிக்குப் போட்டாலும், ஏற்கெனவே நோய் தொற்றிய கோழிக்குப் போட்டாலும் பலிக்காது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு தின்ற கோழிக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது. அதில் இருக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுத்து எதிர்ப்பு சக்தியையும் குறைக்கிறது. 1960ல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த விஷத்தையே உலகம் கண்டுபிடித்தது. இதெல்லாம் கால்நடை டாக்டர்கள் நமக்குச் சொல்லிக் கொடுக்கிற காரணங்கள். யாரும் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அது நாம் டேங்கில் ஊற்றி முதுகில் சுமக்கிற மருந்து.

கோழியின் காவல்காரன் எங்கே இருக்கிறான்?

கோழி அறுக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள். குஞ்சுக் கோழியின் பின்பக்கம், எச்சம் போடும் துவாரத்துக்கு மேலே, சுண்டைக்காய் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கும். நாம் அதைக் குப்பை என்று தூக்கிப் போடுகிறோம். அதற்குப் பர்சா என்று பெயர். இத்தாலி நாட்டு உடற்கூறு டாக்டர் ஃபேப்ரீசியஸ் என்பவர் பெயரில் அதை அழைக்கிறார்கள். அது எதற்கு இருக்கிறது என்று முன்னூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்பவர் குஞ்சுகளுக்கு அந்தப் பையை எடுத்துவிட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டாளி சாங் அந்தக் கோழிகளை வாங்கி, மாணவர்களுக்குப் பாடம் காட்டுவதற்காகக் கிருமி ஊசி போட்டார். பை இல்லாத கோழிகளின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் பொருளே சரியாக உருவாகவில்லை. 1956ல் இதை எழுதினார்கள். இன்றைக்கு மனுஷனுக்கு ரத்தப் பரிசோதனையில் 'பி செல்' என்று சொல்கிறார்களே, அந்த 'பி' இந்தக் கோழியின் பர்சாவில் இருந்து வந்த எழுத்துதான். மனுஷ வைத்தியமே கோழியிடம் கற்றுக்கொண்ட பாடம் அது!

அந்தப் பை குஞ்சுப் பருவத்தில்தான் பெருசாக இருந்து வேலை செய்யும். கோழி முட்டைக்கு வரும் வயசில் சுருங்கிப் போகும். அதனால் கோழியின் ஆயுசுக்கும் வேண்டிய காவல் படை முதல் சில வாரங்களில்தான் தயாராகிறது. அந்த நேரத்தில் பை கெட்டால் பிறகு எத்தனை ஊசி போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது. பண்ணைக்காரர்கள் கம்போரோ நோய்க்கு ஏன் அப்படிப் பயப்படுகிறார்கள்? அந்த வைரஸ் நேராக இந்தப் பையைத்தான் தாக்குகிறது. கம்போரோவில் பிழைத்த கோழிக்குக் கழிச்சல் ஊசி சரியாகப் பிடிக்காது என்பது நாமக்கல் பண்ணையில் கூலி வேலை பார்க்கிற பையனுக்கும் தெரியும்.

பூச்சிமருந்தும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. மாலத்தியான், குளோர்பைரிபாஸ், எண்டோசல்பான் மாதிரி மருந்துகளைக் கோழி சாகாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள் நம் நாட்டுக் கால்நடைக் கல்லூரிகளிலும் வெளிநாட்டிலும் நடந்திருக்கின்றன. அறுத்துப் பார்த்தால் பர்சா சுருங்கியிருக்கும், கழுத்தில் இருக்கும் தைமஸ் சுருங்கியிருக்கும், மண்ணீரல் மெலிந்திருக்கும். ராணிக்கெட் ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் வர வேண்டிய எதிர்ப்பு குறைவாக வந்திருக்கும். வெளியே பார்த்தால் கோழி நன்றாகத்தான் இருக்கும். மேயும், அடையும். எடை கொஞ்சம் குறையும், முட்டை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஊருக்குள் கழிச்சல் நுழையும் அன்றைக்குத்தான் விஷயம் தெரியும். அன்றைக்கு மருந்தை யார் நினைக்கப் போகிறார்கள்?

அந்த அம்மாவின் கோழிக்கு நடந்தது இதுதான் என்று சத்தியம் பண்ண நான் தயாராக இல்லை. ஒரு கோழியையும் யாரும் பரிசோதனை செய்யவில்லை. நம்முடைய சண்டையே அதற்காகத்தான்.

மருந்து கோழிக்கு எப்படிப் போகிறது?

"நான் கோழிக்கா மருந்து வெச்சேன்? பயிருக்குத்தானே அடிச்சேன்" என்று கேட்பீர்கள். நெல்லுக்கும் வாழைக்கும் போடுகிற குருணை மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு அது மருந்து என்று தெரியுமா? மணல் பொறுக்குகிற மாதிரி, நொய் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கித் தின்னும். கார்போபியூரான் குருணை ஒன்றே ஒன்று போதும், ஒரு சின்னக் குருவி செத்துப்போகும். அமெரிக்காவில் இதனால் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, 1991ல் தொடங்கிக் குருணையை ஏறக்குறைய முழுசாகவே நிறுத்தினார்கள். இங்கே திம்மெட் என்று நாம் சொல்கிற ஃபோரேட்டுக்கு 2018ல் உத்தரவு போட்டு 2020 டிசம்பர் 31 முதல்தான் தடை வந்தது. கார்போபியூரானுக்கு 2023ல் உத்தரவு போட்டபோதும் 3 சதக் குருணையை விட்டுவைத்தார்கள். கோழி பொறுக்குவது அந்தக் குருணையைத்தானே ஐயா!

அடுத்தது விதை. ரோஸ் கலரில் வருகிற மக்காச்சோள விதையில் விதைத்தது போக ரெண்டு படி மிச்சம். வீணாகப் போகாமல் கழுவிவிட்டுக் கோழிக்குப் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தக் கலர் எதற்கு? மருந்து கலந்தது, தின்னக் கூடாது என்று காட்டுவதற்குத்தான். விதைக்குப் பூசும் திரம் என்கிற மருந்து கோழிக்கு என்ன செய்யும் என்பது 1950கள் முதலே தெரியும். குஞ்சுக்குக் கால் எலும்பு வளைந்து நடக்க முடியாமல் போகும். பெட்டைக்குத் தோல்முட்டை வரும், கோணல் முட்டை வரும். "சுண்ணாம்புச் சத்து இல்ல" என்று நாம் கிளிஞ்சல் இடித்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

இன்னொன்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நாமே கையால் வைக்கிற விஷம். கோழிக்குப் பேன், உண்ணி வந்தால் பஞ்சாரத்துக்கு அடியில் பவுடர் தூவுகிறோம். எங்க அப்பாரு காலத்தில் அது பி.எச்.சி. பவுடர். 1997ல் தடை செய்தார்கள். இப்போது வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைத் தண்ணியில் கலந்து கோழியை முக்கி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். முக்கின கோழி இறக்கையைக் கோதும்போது அந்த மருந்து நேராக வாய்க்குள் போகிறது. நம்மை மட்டும் சொல்லிப் பயன் இல்லை, படித்த நாட்டிலும் இதுதான் நடந்தது. 2017ல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் கோழிப் பேனுக்கு மூலிகை மருந்து என்று சொல்லி அடித்ததில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. முட்டையில் அது ஏறிவிட்டது. கோடிக்கணக்கான முட்டையைக் குப்பையில் கொட்டினார்கள், லட்சக்கணக்கான கோழியைக் கொன்றார்கள். அங்கே முட்டையைச் சோதித்தார்கள், அதனால் தெரிந்தது.

டேங்க் கழுவின தண்ணீர், வாய்க்காலில் வீசின காலி பாட்டில், மருந்துச் சாக்கில் கட்டின கம்பு என்று மீதி வழிகள் உங்களுக்கே தெரியும்.

கழிச்சலா, விஷமா?

ரெண்டுக்கும் அறிகுறி கொஞ்சம் ஒத்துப்போகும். அதனால்தான் ஏமாறுகிறோம். கழிச்சல் என்றால் முதல் நாள் ஒன்று ரெண்டு கோழி மந்தமாகும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். மூச்சு இழுக்கும். நாள் ஆக ஆக ஒவ்வொன்றாக விழும். பிழைத்ததில் சிலது கழுத்தைத் திருகிக்கொண்டே திரியும். பூச்சிமருந்து என்றால் மேய்ந்து வந்த சில மணி நேரத்துக்குள் சின்னது பெருசு பார்க்காமல் பல கோழி ஒன்றாகத் தள்ளாடும். வாயில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், இறக்கை தொங்கும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். நல்லா கொழுத்த கோழிதான் முதலில் விழும், ஏனென்றால் அதுதான் அதிகம் தின்றிருக்கும்.

பிழைத்துவிட்டது என்று நினைத்த கோழி பத்துப் பதினைந்து நாள் கழித்துக் காலை இழுக்கிறதா? அதுவும் மருந்தாக இருக்கலாம். பாஸ்பரஸ் வகை மருந்துகளில் சிலது நரம்பைத் தாமதமாகத் தாக்கும். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை கேளுங்கள். உலகத்தில் எந்தக் கம்பெனி இந்த வகைப் புது மருந்து கண்டுபிடித்தாலும், மனுஷன் நரம்புக்கு அது கெடுதலா என்று பார்ப்பதற்குப் பெட்டைக்கோழிக்குத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சர்வதேச விதிமுறை இருக்கிறது. ஒரு வேளை கொடுத்துவிட்டு 21 நாள் நடையைப் பார்ப்பார்கள். எலிக்கு வராத வாதம் கோழிக்கு வரும், மனுஷனுக்கும் வரும். ஆய்வகத்தில் கோழி கால் இழுத்தால் அந்த மருந்துக்கே ஆபத்து, கோப்பில் எழுதுகிறார்கள். நம் வாசலில் கோழி கால் இழுத்தால் குழம்பு வைக்கிறோம்!

தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மருந்தில் செத்த கோழியைத் தின்னாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். டி.டி.டி., எண்டோசல்பான் வகை விஷங்கள் கொழுப்பிலும் முட்டை மஞ்சள் கருவிலும் போய்த் தங்கும். உயிரோடு இருக்கிற கோழியின் முட்டையையும் கொஞ்ச நாள் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பெரிய பண்ணைக்கு ஒரு நியாயம், ஆறு கோழிக்கு ஒரு நியாயமா?

நாமக்கல்லில் 1985ல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீவனப் பகுப்பாய்வுக்கு என்றே அங்கே ஆய்வகம் இருக்கிறது. பண்ணை முதலாளி லோடு மக்காச்சோளம் இறக்கினால் சாம்பிள் அனுப்பிப் பார்க்கிறார். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த மக்காச்சோளத்தை விளைவிக்கிறவனும் நாம்தான். 2018ல் கர்நாடகத்தில் படைப்புழு முதலில் தென்பட்டு அதே வருஷம் நம் காடுகளுக்கும் வந்தது. அதற்கு முன் மக்காச்சோளத்துக்கு மருந்தே அடிக்காதவன்கூட டேங்கைத் தூக்கினான். கடைக்காரர் சொன்னதுதான் அளவு, கடைக்காரர் கொடுத்ததுதான் மருந்து. லேபிளில் இருக்கும் சிவப்பு முக்கோணம் கடும் விஷம் என்பதற்கான அடையாளம் என்று எத்தனை கடையில் எடுத்துச் சொன்னார்கள்? எத்தனை நாள் கோழியைக் காட்டுக்குள் விடக்கூடாது என்று ஒருத்தராவது சொன்னார்களா?

நாலு கோழி செத்தால் அது செய்தி இல்லை. ஆனால் ஒரு தாய் யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு நோட்டுப் புஸ்தகம், ஆஸ்பத்திரிச் செலவு, சீர் செனத்தி, எல்லாவற்றுக்கும் புருஷன் கையை எதிர்பார்க்காமல் எடுக்கிற காசு கோழிக் காசுதான். வெள்ளத்தில் கோழி போனால் 2022 முதல் 2026 வரைக்குமான பேரிடர் நிவாரண விதியில் கோழிக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு 10,000 வரைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் புயல் உண்டு, வெள்ளம் உண்டு, பூச்சிமருந்து கிடையாது. அடிக்கிற மருந்துக்கு லைசென்ஸ் கொடுத்தது யார்? அரசாங்கம். விற்றது யார்? கடை. சம்பாதித்தது யார்? கம்பெனி. செத்தது மட்டும் ஆத்தா வளர்த்த கோழி!

இதைக் கேட்டால், "மருந்து இல்லாம வெள்ளாமை எடுக்க முடியுமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரையே பதிலாகச் சொல்லலாம். 2020ல் மரவள்ளிக்கு மாவுப்பூச்சி வந்து நம்மில் பலர் குச்சிக்கிழங்கையே பிடுங்கி எறிந்தோம். எவ்வளவு மருந்து அடித்தும் அது அடங்கவில்லை. ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதை அழிக்கிற குளவி அது. அரசாங்கம் மனசு வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சாகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

1968ல் போட்ட பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குப் பதிலாக 2008ல் ஒரு மசோதா, 2020ல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. நாம் டெல்லிக்குப் போய்க் கேட்கிறது இருக்கட்டும். கலெக்டர் கையில் இருக்கிறதைக் கேட்போம். செத்த கோழியைக் கொண்டுபோனால் எந்த கால்நடை மருந்தகத்திலும் வாங்கி, ரசீது கொடுத்து, விஷம் இருக்கிறதா என்று இலவசமாகப் பரிசோதித்து எழுத்தில் பதில் தர வேண்டும். விஷம் என்று தெரிந்தால் வெள்ளத்துக்குக் கொடுக்கிற அளவாவது நிவாரணம் வேண்டும். கழிச்சல் ஊசி முகாம் நடக்கும்போதே குஞ்சு பொரிக்கும் காலத்தில் எதை அடிக்கக்கூடாது என்று தமிழில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தடை செய்த குருணையும், 2023 உத்தரவில் தடை வந்த மோனோகுரோட்டபாஸும் இன்னும் எந்தக் கடையின் பின்கட்டில் இருக்கிறது என்று வேளாண்மை அதிகாரிகள் சோதனை போட வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய மருந்தை அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாம் அதைக் கிணற்று மேட்டில்தான் புதைப்போம், வேறு எங்கே போவோம்?

இதற்கு நம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. இனிமேல் கோழி திடீரென்று கூட்டமாக விழுந்தால் குழி தோண்டுவதற்கு முன் ரெண்டு கோழியை எடுத்து வையுங்கள். வெறும் கையில் தொடாமல் பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, முழுக் கோழியாகக் கவரில் கட்டி, ஐஸ் போட்டு எடுத்துப் போங்கள். தீனிப்பையில் இருக்கிறதுதான் சாட்சி, அதை அறுத்துக் கழுவிவிடாதீர்கள். எந்தக் காட்டில் மேய்ந்தது, அங்கே என்ன மருந்து, எத்தனை மணிக்கு அடித்தது, ஊசி எந்த மாசம் போட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் கடைக்காரர் சொன்னதைத்தான் அடித்தார். பாட்டில் பெயரை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

மருந்தகத்தில் கோழியை வாங்கினால் ரசீது கேளுங்கள். வாங்க மாட்டோம் என்றால் சண்டை வேண்டாம், தேதியையும் நேரத்தையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். மாசாமாசம் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அந்தச் சீட்டுகளை எல்லாம் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு போகப் போகிறோம். முட்டைக் கூடையோடு அந்த அம்மாவும் வருகிறார்.